‘கிளெய்ம்ஸ்’ என்று ஒரு வார்த்தை: தில்லைநகர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எட்டு வாரம்

எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி வரை, கட்டணம் 6,500 ரூபாய். திருச்சி தில்லைநகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. போர்டு கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். பாடம் ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் சொன்னதை இங்கிலீஷ்காரர்கள் எப்படி எடுத்துச் சொல்கிறார்கள், ஒரு பொருளுக்கோ நோய்க்கோ மற்றவர்கள் வைத்த பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்பது. “இதுக்குப் போய் இருபத்து நாலு மணி நேரமா?” என்று வீட்டில் கேட்டார்கள். சேரும்போது எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. இப்போது யாராவது கேட்டால், மெடிக்கல் ஸ்கிரைப் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போய் உட்கார வேண்டிய வகுப்பு என்றுதான் சொல்வேன். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

நான் ஆறு வருஷமாக ஸ்கிரைப். அமெரிக்காவில் ஒரு கிளினிக் அறையில் டாக்டரும் நோயாளியும் பேசுவது என் ஹெட்போனில் கேட்கும். அதை டாக்டருடைய குறிப்பாக நான் எழுதித் தர வேண்டும். சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை நாலரைக்குத்தான் எழுந்திருப்பேன். அந்தக் குறிப்புக்கு நாலு பகுதி: நோயாளி சொன்னது, டாக்டர் பார்த்தது, என்னவாக இருக்கும் என்ற கணிப்பு, அடுத்துச் செய்ய வேண்டியது. நாலின் இங்கிலீஷ் பெயர்களிலும் முதல் எழுத்தை எடுத்துச் சேர்த்து ‘சோப்’ நோட் என்பார்கள். லாரன்ஸ் வீட் என்ற டாக்டர் 1960களில் கொண்டுவந்த முறை இது. இதில் முதல் பகுதி முழுக்க அடுத்தவர் பேச்சு. அவர் சொன்னார், மகள் சொன்னாள், போன வாரம் இன்னொரு டாக்டர் சொன்னாராம், இப்படியே போகும். என் வேலையில் பாதி இதுதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த மூன்று மாதப் பயிற்சியில் மருந்துப் பெயர், உடல் உறுப்பு, சுருக்கெழுத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள், இதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை.

2021 ஏப்ரல் 5 முதல் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. சில விலக்குகள் தவிர, டாக்டர் எழுதும் குறிப்பை நோயாளி உடனே தன் போனில் பார்க்கலாம், ஆஸ்பத்திரி அதைத் தடுக்கக் கூடாது. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒரு பெண்மணியின் முதுகுவலிக் குறிப்பை நான் எழுதினேன். இரவில் ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்க முடியவில்லை என்று அவர் சொன்னார். ‘ஸ்டேட்ஸ்’ (சொல்கிறார்), ‘ரிப்போர்ட்ஸ்’ (தெரிவிக்கிறார்) இரண்டையும் அதற்குள் இரண்டு தடவை எழுதிவிட்டேன். அதனால் மூன்றாவதாக ‘கிளெய்ம்ஸ்’, அதாவது ‘சொல்லிக்கொள்கிறார்’ என்று போட்டேன். ‘செட்’ என்றே திரும்பத் திரும்ப எழுதாதே, வார்த்தையை மாற்றி மாற்றி எழுது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்திருந்தார்களே, அந்தப் பழக்கம்.

அன்று இரவே அவர் படித்துவிட்டார். டாக்டருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். நான் சொன்னதை நம்பவில்லை என்றால் நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்பதுதான் அதன் சாரம். அந்த டாக்டர் அவரை முழுக்க நம்பினார். எனக்குத் தெரியும், நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். அன்றைக்கே ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். நம்பாத வார்த்தை என் கையிலிருந்து வந்தது. வலியோடு கண் விழித்துப் படுத்திருந்த ஒருவர் அந்த வார்த்தையைப் படித்திருக்கிறார். கம்பெனியில் எனக்கு ஆடிட் மார்க்கைக் குறைத்து, மூன்று மாத இன்சென்டிவை நிறுத்தினார்கள். அது பரவாயில்லை. அந்த வார்த்தையில் என்ன தப்பு என்று கேட்டபோது, “ஸ்டேட்ஸ்னு போடுங்க, அவ்வளவுதான்” என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இந்த மாடிப்படி ஏறினேன்.

வகுப்பு எடுப்பவர் ஒரு மேடம். கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நடுவில் பல வருஷம் டிரான்ஸ்கிரிப்ஷன் எடிட்டராகவும் இருந்தவர். எங்கள் பேட்சில் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஸ்கிரைப், இரண்டு பேர் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்ப்பவர்கள், ஒரு தம்பி சப்டைட்டில் எழுதுபவர். முதல் நாள் மேடம் போர்டில் இங்கிலீஷ் எதுவும் எழுதவில்லை. “அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்” என்று எழுதினார். இதை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றார்.

பன்னிரண்டு பேரும் ஐந்து விதமாகச் சொன்னோம். அம்மா சொல்கிறார் என்றார் ஒருவர், புகார் செய்கிறார் என்றார் ஒருவர், ‘அப்பேரன்ட்லி’ என்று ஆரம்பித்தார் இன்னொருவர். “எதும்மா சரி? வரியில சொன்னது யாருன்னு இருக்கா? நம்பினாங்களா இல்லையான்னு இருக்கா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை. இது நான் கண்ணால் கண்டதல்ல, காதால் கேட்டது என்பதை ‘ஆம்’ என்ற ஒரு ஒட்டு சொல்லிவிடுகிறது. யாருடைய வாய் வார்த்தை என்று அது கேட்பதில்லை. இங்கிலீஷில் அப்படி ஒரு ஒட்டு கிடையாது. ஆள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும், அவருக்கு ஒரு வினைச்சொல்லையும் பிடிக்க வேண்டும். பிடிக்கிற வினைச்சொல்லுக்குள் எழுதுகிறவரின் முகபாவம் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த வரி: “இவரு பெரிய டாக்டராம்.” இதைச் சாதாரணமாகச் சொன்னால் செய்தி. கொஞ்சம் இழுத்து, உதட்டைச் சுழித்துச் சொன்னால் கேலி. ஒரே ‘ஆம்’, குரல்தான் வேறு. “எழுத்துல குரல் இல்ல. அதனால குரல் செய்யற வேலையை இங்கிலீஷ்ல வினைச்சொல் செய்யுது. நீங்க ‘கிளெய்ம்ஸ்’னு எழுதினா உதட்டைச் சுழிச்ச மாதிரி” என்றார் மேடம். நான் தேடிப் போன பதில் முதல் ஒரு மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது. பின் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் இந்த வினைச்சொற்களுக்கே போயின. ‘ஸ்டேட்ஸ்’, ‘ரிப்போர்ட்ஸ்’ இரண்டும் தலையாட்டாமல் கேட்டுக்கொள்ளும் ரகம். ‘இன்சிஸ்ட்ஸ்’ என்றால் நாம் வேண்டாம் என்றும் அவர் விடவில்லை என்று ஆகிறது. ‘அட்மிட்ஸ்’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட தொனி. கேட்டதற்கு, வாரம் இரண்டு பீர் குடிப்பேன் என்று பதில் சொன்னவரை நாம் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். எங்கள் தொழிலில் தினமும் நூறு தடவை எழுதும் ‘டினைஸ்’ என்ற வார்த்தையைத்தான் மேடம் அதிக நேரம் எடுத்துக்கொண்டு பேசினார். நெஞ்சுவலி இருக்கிறதா, இல்லை. காய்ச்சல், இல்லை. இந்த ‘இல்லை’யை டாக்டர்கள் ‘டினைஸ்’ என்று எழுதுவது பழைய வழக்கம். டாக்டருக்கு அது வெறும் ‘இல்லை’. ஆனால் போனில் படிக்கும் நோயாளிக்கு அது ‘மறுக்கிறார்’. தான் எதையோ மறைப்பதாக டாக்டர் நினைக்கிறார் என்று தோன்றும். டெம்ப்ளேட்டில் கட்டாயம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ‘நோ செஸ்ட் பெயின்’ என்று நேராகவே எழுதுங்கள் என்றார். இப்போது எனக்கு இருக்கும் மூன்று டாக்டர்களில் இரண்டு பேரிடம் கேட்டு அப்படியே மாற்றிவிட்டேன். இரண்டு பேருமே உடனே சரி என்றார்கள்.

இதெல்லாம் வெறும் மனசு நோகும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். மேடம் இரண்டு ஆய்வுகளைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தவை. 2018இல் வந்த முதல் ஆய்வில், சிக்கில் செல் நோய் (கடும் வலி தரும் பரம்பரை ரத்த நோய்) உள்ள ஒரு கற்பனை நோயாளியைப் பற்றி இரண்டு குறிப்புகள் எழுதினார்கள். மருத்துவ விவரம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் வார்த்தைகள் நடுநிலை, மற்றதில் சந்தேகமும் இளப்பமும். மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் படிக்கக் கொடுத்தார்கள். இளப்பமான குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த நோயாளி மேல் நல்ல அபிப்பிராயம் குறைந்தது. வலிக்கு மருந்து கொடுப்பதிலும் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். நோய் அதே நோய், வலி அதே வலி.

இரண்டாவது, மேரி கேத்தரின் பீச்சும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்டது. உண்மையான குறிப்புகள் ஒன்பதாயிரத்துக்கு மேல் எடுத்து, அவற்றில் மூன்று விஷயங்களைத் தேடினார்கள். மேற்கோள் குறி, ‘கிளெய்ம்ஸ்’, ‘இன்சிஸ்ட்ஸ்’ போன்ற வார்த்தைகள், ‘அவர் சொல்கிறார்’ என்று தள்ளி வைத்து எழுதும் வாக்கிய அமைப்பு. கறுப்பின நோயாளிகளின் குறிப்புகளில் இவை கூடுதலாக இருந்தன. பெண்கள் விஷயத்திலும் சாய்வு தெரிந்தது. ஆறு வருஷமாக நான் தட்டச்சு செய்த குறிப்புகள் எத்தனை என்று கணக்குப் போடப் பார்த்தேன். முடியவில்லை, அத்தனை ஆயிரம்.

நாலாவது வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் போடும் ஒலிப்பதிவுகள் எதுவும் உண்மையான நோயாளிகள் பேசியவை அல்ல. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் 1996ஆம் வருஷத்து அமெரிக்க ஹிப்பா சட்டப்படி அவற்றை வெளியே கொண்டுவர முடியாது, கூடவும் கூடாது. மேடத்தின் அக்கா மகள் நியூஜெர்சியில் இருக்கிறார். அவர் அக்கம்பக்கத்தில் சிலரைக் கேட்டு, நோயாளி மாதிரி பேச வைத்துப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். நடிப்புத்தான், ஆனால் பேச்சு அப்படியே அசல். அன்று போட்டது ஓர் அம்மாள் குரல். “ஸோ ஐ’ம் லைக், ஓ மை காட், ஐ’ம் டையிங், அண்ட் மை ஹஸ்பண்ட் கோஸ், யூ’ர் ஃபைன்” என்று ஒரே மூச்சில் வருகிறது. எழுதுங்கள் என்றார் மேடம்.

நாங்கள் எட்டுப் பேர், தான் செத்துக்கொண்டிருப்பதாக நோயாளி சொன்னார் என்று எழுதியிருந்தோம். “யார்கிட்ட சொன்னாங்க? வாயைத் திறந்தாங்களா?” என்று கேட்டார். மறுபடி போட்டுக் கேட்டோம். தெரியவே இல்லை. அதுதான் ‘ஐ வாஸ் லைக்’ கின் தன்மையாம். வாய்விட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம், மனசுக்குள் ஓடியதாகவும் இருக்கலாம், முகத்தில் காட்டியதாகவும் இருக்கலாம். பேசுகிறவர் மூன்றையும் பிரிப்பதில்லை, பிரிக்க விரும்புவதும் இல்லை. ‘கோஸ்’ அப்படி அல்ல. கேட்ட சத்தத்தைச் சொல்ல வந்த வார்த்தை அது. வாத்து இப்படிக் கத்தும், மணி இப்படி அடிக்கும் என்று சொல்வார்களே, அதிலிருந்து மனிதர் பேச்சுக்கு வந்தது. அதனால் புருஷன் நிஜமாகவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

நான் கையைத் தூக்கினேன். நம் ‘என்று’வும் இப்படித்தானே மேடம் என்றேன். டமார்னு வெடிச்சது, வான்னு சொன்னான், போகலாம்னு இருக்கேன். சத்தம், பேச்சு, நினைப்பு மூன்றுக்கும் ஒரே ‘னு’. அந்த அம்மாள் சொன்னதைத் தமிழில் சொன்னால் “செத்தே போயிடுவேன்னு இருந்துச்சு”. மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இத்தனை பேட்ச்ல யாரும் சொல்லலையேம்மா” என்று அதைப் போர்டில் எழுதினார். அது முதல் எங்கள் பேட்சுக்கு ‘லைக்’ என்றால் ‘னு இருந்துச்சு’தான். அந்த வரியை இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: சாகப் போகிறோம் என்பது போல உணர்ந்தார், ஒன்றும் இல்லை என்று கணவர் சொன்னார். உணர்ந்தது உணர்ந்ததாகவும் சொன்னது சொன்னதாகவும் இருக்கும்.

இளசுகள் பேச்சு என்று ‘லைக்’கை ஒதுக்குகிறவர்கள் உண்டு. 1982லேயே ரொனால்ட் பட்டர்ஸ் என்ற மொழியியலாளர் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் இதைக் குறித்து எழுதிவிட்டார். அன்றைக்கு இருபது வயதில் இப்படிப் பேசியவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எனக்கு வரும் இதய நோயாளிகளில் பாதிப் பேர் அந்த வயதுதான். அப்புறம், ‘லைக் த்ரீ டேஸ்’ என்று வந்தால் அதில் வரும் ‘லைக்’ வேறு, அது நம் ‘ஒரு மூணு நாள்’ மாதிரி. அதை மூன்று நாள் என்று அடித்துச் சொல்லக் கூடாது, சுமார் சேர்த்து எழுத வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தையும் மேடம் விடவில்லை.

ஐந்தாம் வாரம் நாம் எல்லோரும் பத்தாம் வகுப்பில் படித்த டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச். ‘நவ்’ என்பதை ‘தென்’ ஆக்கு, ‘டுமாரோ’வை ‘தி நெக்ஸ்ட் டே’ ஆக்கு, நிகழ்காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு. அதைக் கணக்குச் சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்தோம். எதற்காகத் தள்ளுகிறோம் என்று கேட்டதில்லை. தமிழில் “வலிக்குதுன்னு அம்மா சொன்னாங்க” என்றால் சொன்ன நேரத்தில் வலி இருந்தது. வலி அப்படியே நிகழ்காலத்தில், அம்மா சொன்ன இடத்தில் நிற்கிறது. இங்கிலீஷில் ‘ஷி செட் ஹெர் செஸ்ட் ஹர்ட்’ என்று வந்துவிட்டால், சொல்லும்போது வலித்ததா, அதற்கு முன்னால் வலித்து நின்றுபோனதா? நெஞ்சுவலியில் இந்த வித்தியாசம் லேசுப்பட்டதல்ல. அமெரிக்கர்களே இப்போதும் உண்மையாக இருக்கும் விஷயத்தைப் பின்னால் தள்ளாமல் விடுவது உண்டு, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார் என்பதை நிகழ்காலத்திலேயே வைப்பார்கள், அது தப்பில்லை என்று மேடம் காட்டினார். சந்தேகம் இருந்தால் நேரத்தை எழுதிவிடுங்கள், காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து அரை மணியில் நின்றது என்று. சூத்திரம் காப்பாற்றாத இடத்தில் கடிகாரம் காப்பாற்றும் என்றார்.

அதே வாரம் இன்னொரு ஒலிப்பதிவு. வயதான தாயை மகள் கூட்டிக்கொண்டு வருகிறாள். ‘ஷி டோல்ட் மை சிஸ்டர் ஷி ஹேட் ஃபாலன்’ என்கிறாள். விழுந்தது யார்? தாயா, அக்காவா? தமிழில் ‘தான் விழுந்ததாக’ என்று ஒரு ‘தான்’ போட்டால் வழக்கு தீர்ந்துபோகும். இங்கிலீஷில் அந்தத் ‘தான்’ இல்லை. குறிப்பில் ‘பேஷண்ட்’ என்று இரண்டு தடவை எழுதத்தான் வேண்டும், படிக்க முரடாக இருந்தாலும் பரவாயில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்பதற்கு ‘பெர் டாட்டர்’ (மகள் சொன்னபடி) என்று முன்னால் போட வேண்டும். ஞாபகம் தடுமாறும் நோயாளியை ‘புவர் ஹிஸ்டோரியன்’ என்று எழுதும் வழக்கத்தையும் அன்று பேசினார். தன் கதையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் என்று அர்த்தம். மறதி நோயில் இருப்பவரை அப்படி எழுதாமல், மறதி இருப்பதால் விவரத்தை மகள் சொன்னார் என்று எழுதச் சொன்னார். நான் அப்படி எழுத ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது.

ஆறாம் வாரம் பெயர்கள். நம் ஊரில் எல்லோரும் செய்யும் தப்பு ‘கால்டு ஆஸ்’. இது இன்னதென அழைக்கப்படுகிறது என்ற தமிழ் வாக்கியத்தில் ‘என’ இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு ‘ஆஸ்’ஸைக் கொண்டுபோய் நட்டுவிடுகிறோம். ‘நோன் ஆஸ்’ உண்டு, ‘கால்டு ஆஸ்’ கிடையாது. ‘டோல்ட் தட்’ டும் அப்படித்தான், யாரிடம் என்று சொல்லாமல் ‘டோல்ட்’ நிற்காது. பன்னிரண்டு பேருக்கும் இந்த இரண்டும் நாக்கில் ஊறிப்போயிருந்தன. மேடம் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்தினார்.

நோயாளிகள் தங்கள் நோய்க்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி இன்னும் இரண்டு வாரம்கூடப் பேசியிருக்கலாம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வயதானவர்கள் நீரிழிவை ‘ஷுகர்’ என்பார்கள், ரத்த அழுத்தத்தை ‘ஹை பிளட்’ என்பார்கள். நம் வீட்டில் அப்பாவுக்கு ‘சுகர்’, பாட்டிக்கு ‘பிரஷர்’ என்கிறோமே, அதே மாதிரி. மயங்கி விழுந்ததை ‘ஃபெல் அவுட்’ என்பவர்கள் உண்டு. தெரியாதவர் படித்தால் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று எழுதிவிடுவார். கெண்டைக்கால் பிடிப்புக்கு ‘சார்லி ஹார்ஸ்’ என்று பெயர், குதிரைக்கும் அதற்கும் இன்று சம்பந்தம் எதுவும் இல்லை. இந்தப் பெயர்களை மருத்துவப் பெயராக மாற்ற வேண்டுமா, அவர் வாய் வார்த்தையாகவே வைக்க வேண்டுமா? எதற்காக வந்தார் என்ற முதல் வரியில் அவர் வார்த்தையையே மேற்கோளில் வைப்பது வழக்கம். அது மரியாதை. அதற்குக் கீழே அதே மேற்கோள் குறி வந்தால் ஆபத்து. அவருக்கு மருந்தால் ‘அலர்ஜி’ வந்ததாம் என்று ஒற்றை வார்த்தைக்கு மட்டும் குறி போட்டால், படிக்கிறவருக்கு அது இழுத்துச் சொன்ன ‘ஆம்’ ஆகிவிடும். பேச்சில் சில டாக்டர்கள் மேற்கோள் குறிக்குப் பதிலாக ‘கோட் அன்கோட்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நோயாளியின் அசல் வார்த்தை என்கிறாரா, எனக்கு நம்பிக்கையில்லை என்கிறாரா என்று தெரியாவிட்டால் அவரையே கேட்டுவிட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது.

‘ஸோ கால்டு’ என்பதையும் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். நம் ஊரில் பலர் அதை ‘எனப்படும்’ என்பதற்கு நேர் வார்த்தையாக நினைத்து எழுதுகிறோம். விஞ்ஞானக் கட்டுரையில் அப்படி வருவதும் உண்டுதான். ஆனால் சாதாரண எழுத்தில் பெரும்பாலும் ‘பேருக்குத்தான்’ என்ற கசப்போடு வரும். ஒரு கிளினிக்கின் தலைமை நர்ஸுக்கு அப்படி எழுதி மெயில் அனுப்பிவிட்டு, அவர் ஏன் பதில் போடவில்லை என்று ஒரு மாதம் முழித்த பெண் எங்கள் வகுப்பில் இருந்தாள். அன்று மத்தியானமே மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் வந்தது.

இனி குறைகள். முதலில் ஹெட்போன். வகுப்பில் கொடுப்பவை ஒரு காதில் கேட்கும், மறு காதில் இரையும். கேட்பதையே பாடமாக வைத்திருக்கும் இடத்தில் இது சரியல்ல, சொல்லியும் மாற்றவில்லை. மேலே ஓடும் ஃபேன் சத்தத்தில் மெதுவாகப் பேசும் குரல்கள் போய்விடுகின்றன. ஏழாம் வாரம் பத்திரிகை, கோர்ட் இங்கிலீஷ் என்று ‘அலெஜ்ட்லி’ (குற்றச்சாட்டின்படி) பற்றியே மூன்று மணி நேரம் போனது, எங்களில் ஒருவருக்கும் அது வேலைக்கு உதவாது. ஒலிப்பதிவு எல்லாம் அமெரிக்கக் குரல். பிரிட்டன் வேலை பார்க்கும் இரண்டு பேர் கேட்டதற்கு ஒரே ஒரு பதிவுதான் போட்டார். சனிக்கிழமை விடிகாலை ஷிஃப்ட் முடிப்பவர்களுக்கு ஞாயிறு பத்து மணி ஓரளவு சரி, ஆனால் ஞாயிறு விடிகாலை முடிப்பவர்கள் தூங்கி வழிந்தார்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் பதிவு கிடையாது, பணமும் திரும்பாது, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது என் வேலையில் பாதி, மென்பொருள் தானாக எழுதிய குறிப்பைச் சரிபார்ப்பது. இந்த வேலை இன்னும் எத்தனை நாள், இதற்குப் போய் வகுப்பா என்று கேட்கிறார்கள். போன வாரம் நான் திருத்திய ஒரு குறிப்பில், ‘ஐ வாஸ் லைக்’ என்று நோயாளி சொன்ன இடத்தில், தான் பைத்தியமாகிவிட்டதாக நோயாளி கூறினார் என்று மென்பொருள் எழுதியிருந்தது. மூன்று நாள் தூங்காத ஒரு தாய், பைத்தியம் பிடிச்சிடும்னு இருந்துச்சு என்று சொன்ன வார்த்தை அது. அப்படியே போயிருந்தால் அவர் ஃபைலில் காலாகாலத்துக்கும் உட்கார்ந்திருக்கும். சரி செய்தேன், டாக்டருக்கும் ஒரு வரி எழுதினேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ஹெட்போனுக்கும் ஏழாம் வாரத்துக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு ஆறு மாதம் எழுதிவிட்டுப் போங்கள், உங்கள் குறிப்பில் பழகிப்போன வார்த்தைகள் எவை என்று தெரிந்த பிறகு போனால் பயன் அதிகம். அடுத்த பேட்ச் ஆடி முடிந்ததும் தொடங்குகிறது, பன்னிரண்டு இடம்தான். சொந்த ஹெட்போன் எடுத்துப் போங்கள், ஃபேனுக்குக் கீழே உட்காராதீர்கள்.